நாற்பதுக்கு மேல் நன்னூல்

இளமையில் கற்றது சிலையில் எழுத்து என்றும், நரை கண்டபின் கற்பது நீர்மேல் எழுத்து என்றும் நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதில் ஓர் உண்மை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நாற்பத்திரண்டாம் வயதில் வித்துவான் பரீட்சைக்கென்று உட்கார்ந்து நான் நெட்டுருப் போட்ட நன்னூற் சூத்திரங்களிலும் காரிகைகளிலும் பெரும்பகுதி இன்றைக்கும் நாவில் நிற்க, இருபதாம் வயதில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மிகச் சுலபமாகப் பாடம் பண்ணிய விஷயங்களில் அநேகம் போன இடம் தெரியாமல் போய்விட்டதை நினைக்கும்போது, அந்த வாக்கை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் இசையவில்லை. வயது முதிர்ந்தவனுடைய ஞாபகசக்தி குறைந்துபோகிறது என்பதைவிட, அது வேறு வழியில் வேலை செய்யத் தொடங்குகிறது என்பதே என் அனுபவம். அந்த வழி இன்னதென்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள் சிலர். அவர்களில் இருவர் எந்தப் பரீட்சைக்கும் போகாதவர்கள்.

அப்போது நான் திருச்செந்தூர்த் தாலுகாவில், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்து ஹையர் எலிமெண்டரி பாடசாலையில் உபாத்தியாயராக இருந்தேன். செக்கச் சிவந்த மணல், கண்ணுக்கெட்டிய தூரம் பனை, காலையிலும் மாலையிலும் பனையேறுகிறவர்களின் குரல், கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிகளிலிருந்து எழும் புகை — இவற்றுக்கு நடுவே பதினெட்டு வருஷ காலம் அரிச்சுவடியும் வாய்ப்பாடும் சொல்லிக்கொடுத்துக் கழிந்திருந்தது. தமிழ் படிக்க வேண்டும், பண்டிதராக வேண்டும் என்ற ஆசை பள்ளிப் பருவத்திலேயே உண்டானது. தகப்பனார் காலமானதும் குடும்ப பாரம் தலைமேல் வந்ததும் அந்த ஆசையை உள்ளே அடக்கி வைத்தன. திருப்பத்தூர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த மு. வரதராசனார் கல்லூரிப் படியை மிதிக்காமலே தாமாகப் படித்து, 1935-ல் வித்துவான் பரீட்சையில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறித் திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசையும் பெற்றார் என்ற செய்தி எங்களைப் போன்ற நாட்டுப்புறத்து வாத்தியார்களுக்கு ஒரு பெரிய தைரியம். அவர் அப்போது இளைஞர், நான் நாற்பதைக் கடந்தவன் என்ற வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் 1953-ல், மூத்த மகன் ஹைஸ்கூலில் சேர்ந்த அதே ஆனி மாதத்தில், அவனுக்குப் புஸ்தகங்கள் வாங்கத் திருநெல்வேலிக்குப் போனபோது ஆறுமுக நாவலர் காண்டிகையுரையோடு கூடிய நன்னூலையும் யாப்பருங்கலக் காரிகையையும் எனக்கென்று வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

தொடங்கிய சில வாரங்களிலேயே கலக்கம் உண்டாயிற்று. இரவு பத்து மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கின் முன் உட்கார்ந்து, ஒரு சூத்திரத்தைப் பதம் பிரித்து, உரை பார்த்து, உதாரணம் எழுதி, கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தால் தடையின்றி வரும். விடியற்காலையில் எழுந்து முகங்கழுவும்போது அதே சூத்திரத்தின் முதற்சீர் மட்டும் வாயில் நிற்க, மற்றவை எங்கேயோ மறைந்திருக்கும். விளங்காததனால் மறந்தது என்று சொல்வதற்கில்லை, ஏனெனில் பொருள் நன்றாக ஞாபகம் இருந்தது, சொற்களே நழுவின. இதற்கு நேர்மாறாக, ஏழு வயதில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியில் முறை சொன்ன கீழ்வாய் இலக்கம் முழுவதும், முந்திரி என்றால் 320-ல் ஒன்று, அரைக்காணி என்றால் 160-ல் ஒன்று, காணி என்றால் 80-ல் ஒன்று, மா என்றால் 20-ல் ஒன்று என்று, யாரும் கேளாமலே வரிசையாக வந்து நின்றது. அந்தக் காலத்தில் அவற்றின் அர்த்தம் எனக்குத் துளியும் தெரியாது. பொருளறியாது ஓதியது நிலைத்திருக்க, பொருளறிந்து ஓதியது நிற்கவில்லையே என்ற வியாகூலம் பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு மனோதத்துவம் போதித்தவர் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரைப் பற்றிச் சொல்லியிருந்தார். 1885-ல் ஞாபகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்ட அந்த அறிஞர், பிறரைச் சோதிக்காமல் தம்மையே பரிசோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, அர்த்தமில்லாத ஓரசைச் சொற்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி, அவற்றை மனனம் செய்வதும் மறந்தபின் மறுபடி மனனம் செய்வதுமாக வருஷக்கணக்கில் உழைத்தார். கற்றதில் பாதிக்கு மேற்பட்ட பயன் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கழிந்துபோகிறது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது, அதற்குப் பின் மிஞ்சியது மெல்ல மெல்லவே தேய்கிறது என்பது அவர் கண்ட உண்மை. என் கலக்கத்தின் நடுவில் இது நினைவுக்கு வந்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. இரவில் படித்தது காலையில் போய்விடுவது என் ஒருவனுடைய மூளையின் பழுது அன்று, மனித சுபாவமே அப்படி என்று தெளிந்தேன். ஆகையால் புதிய சூத்திரம் படிப்பதைச் சற்றே குறைத்து, முதல்நாள் படித்ததைக் காலையிலும், அதையே மூன்றாம் நாளும், பின்னர் அடுத்த வாரமும் திரும்பச் சொல்லுவது என்று ஒரு நியமம் ஏற்படுத்திக்கொண்டேன்.

அதே எபிங்ஹாஸ், பைரன் என்ற ஆங்கிலக் கவியின் செய்யுட்களையும் மனனம் செய்து பார்த்து, அர்த்தமில்லாத அசைகளுக்கு வேண்டிய பிரயாசையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே செய்யுளுக்குப் போதும் என்று கண்டார். இதைக் கேட்டவுடன் நம்முடைய முன்னோர் இலக்கணம், வைத்தியம், சோதிடம், அகராதி முதலிய எல்லாவற்றையும் செய்யுளிலேயே ஏன் செய்து வைத்தார்கள் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. ஏடு அருமையான காலத்தில் நூல் தங்குவதற்கு மனித மனத்தைத் தவிர வேறு இடம் இல்லை. அந்த இடத்தில் அது தங்குவதற்கு வேண்டிய உபகரணங்களாகவே எதுகையும் மோனையும் தொடையும் அமைந்தன. ஓரடியின் இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்த அடியின் தொடக்கம் தானே வந்து சேருகிறது. அமிதசாகரர் செய்த காரிகையில், உதாரணமாகக் காட்டும் செய்யுட்களின் முதற்சொற்களை மாத்திரம் கோத்துத் தனிக் காரிகைகளாக வைத்திருக்கிறார்கள். முதல் நினைப்புக் காரிகை என்று அவற்றுக்குப் பெயர். மாணாக்கன் மறப்பான் என்பதை முன்கூட்டியே அறிந்து, அவனிடம் கருணை கொண்டு செய்த ஏற்பாடு அது. அந்தக் காரிகைகளை முதன்முதலாகப் படித்த இரவில், எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு அப்பால் இருந்த ஒருவர் என் சிரமத்தை அறிந்து கைகொடுத்தது போன்ற நன்றியுணர்ச்சி எனக்கு உண்டாயிற்று.

செய்யுளாக இருந்தாலும் பட்டியலாக வருவன மட்டும் பிடி கொடுக்கவில்லை. நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு என்று பாயிரத்தில் வருகிறவை வெறும் பெயர்களின் அடுக்கு. அவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் பரீட்சையில் மதிப்பெண் போய்விடும். இளைஞர்கள் அவற்றை ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிறார்கள். என்னால் அது ஆகவில்லை. ஒவ்வோர் உத்தியும் நன்னூலுக்குள்ளேயே எங்கே கையாளப்பட்டிருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்: தொகுத்துச் சுட்டல் இந்தச் சூத்திரத்தில், வகுத்துக் காட்டல் அதற்கடுத்ததில், எதிரது போற்றல் பின்னால் இன்ன இடத்தில் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தபோது, பவணந்தி முனிவர் எத்தனை கவனத்தோடு ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார் என்பது புலனாயிற்று. தேடியதனால் காலம் அதிகம் ஆயிற்று என்பது மெய். ஆனால் அப்படித் தேடிக் கண்டவற்றை அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

இந்த இடத்தில் பனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயிரீற்றுப் புணரியலில் பனை என்ற ஒரு சொல்லுக்காகவே பவணந்தியார் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். கொடி என்ற சொல் வந்து சேர்ந்தால் ஐகாரம் அப்படியே நிற்க வல்லெழுத்து மிக்குப் பனைக்கொடி ஆகும். காய் முதலிய வல்லெழுத்துச் சொற்கள் வந்தால் ஐகாரம் போய் அம்முச்சாரியை பெற்றுப் பனங்காய் ஆகும். திரள் வந்தால் பனைத்திரள் என்றும் பனந்திரள் என்றும் இருவகையாகவும் வரும். அட்டு வந்தால் ஐகாரம் கெட்டு வருமொழியின் அகரம் நீண்டு பனாட்டு ஆகும். பகல் முழுவதும் பனங்காய், பனங்கிழங்கு, பனங்கற்கண்டு என்று காதில் விழுந்துகொண்டிருந்த எங்கள் ஊரில் இந்தச் சூத்திரத்தின் பெரும்பகுதி தானாகவே மனத்தில் தங்கியது. பனாட்டு ஒன்றுதான் புரியவில்லை. உரையில் பொருள் இருந்தாலும் பொருளைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் வழங்கி நான் கேட்டதுமில்லை.

எங்கள் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு பையனுடைய தகப்பனார் தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் தோணியில் வேலை செய்தவர். ஒரு நாள் அவர் மகனை அழைத்துப் போக வந்தபோது, பேச்சுவாக்கில் பனாட்டைப் பற்றி விசாரித்தேன். "அதுக்கென்ன ஐயா, அங்க வீட்டுக்கு வீடு போடுவாங்க. அடுத்த நடை வரும்போது கொண்டாந்து தாரேன்" என்று சொல்லிப் போனார். சொன்னபடியே தை மாதத்தில் ஒரு சிறிய ஓலைப் பொதியைக் கொண்டுவந்து என் மேஜையின்மேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். பனம்பழத்தைப் பிசைந்து சாறெடுத்து, பாயில் ஊற்றி, வெயிலில் காயவைத்து, அதன்மேல் மறுபடியும் ஊற்றிக் காயவைத்துத் தகடு தகடாக உரித்தெடுத்தது. கருமை கலந்த பழுப்பு நிறம். தோலைப் போன்ற மென்மை. பாயின் வரிகள் அதன் அடிப்புறத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டேன். முதலில் இனிப்பும், மெல்ல மெல்லப் பனம்பழத்துக்கே உரிய ஒரு காறலும், அதன்பின் நெடுநேரம் நீங்காத வாசனையும் இருந்தன. பையன்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். பனை, அட்டு, பனாட்டு என்று அன்று கரும்பலகையில் எழுதியதை அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் இரண்டு மூன்று தாய்மார் அது எப்படிச் செய்வது என்று கேட்டுவிட்டார்கள். அச்சூத்திரத்தை நான் மனனம் செய்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அது என்னோடு இருக்கிறது, அவ்வளவுதான். வயது வந்தவன் கற்கும்போது உலகத்திலுள்ள எத்தனையோ பொருள்கள் அவனுக்கு முன்னரே பரிச்சயமாகி நிற்கின்றன. புதிதாக வரும் சொல் அவற்றில் ஒன்றைப் பற்றிக்கொண்டால் பின்னர் நழுவுவதில்லை. குழந்தைக்கு இந்த வசதி கிடையாது.

மேலத்தெருவில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சிறு வயதில் திண்ணைப் பள்ளியில் நாலைந்து வருஷம் படித்ததோடு சரி; பிறகு ஆயுள் முழுவதும் கருப்பட்டி வியாபாரம். அவருக்குச் சூடாமணி நிகண்டு முழுவதும் பாடம் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை மாலை அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். மண்டலபுருடர் என்ற ஜைனப் புலவர் விருத்தப் பாவில் செய்த அந்த நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில், ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைக் கூறும் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு சொல்லைச் சொல்லி அதற்குரிய செய்யுளைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நடுவுலேருந்து கேட்டா எப்படிவே வரும்? தலையிலேருந்துல்லா வரணும்" என்றார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, முதுகை நிமிர்த்தி, அந்த எதுகையின் முதற்செய்யுளிலிருந்து தொடங்கினார்.

குரல் நடுங்கியது; ஆனால் ஓசை நடுங்கவில்லை. வலக்கை விரல் தொடையின்மேல் ஒவ்வொரு சீருக்கும் ஒருமுறை தட்டியது. நான் புஸ்தகத்தில் விரலோட்டிக்கொண்டே வந்தேன். நான் கேட்ட செய்யுள் வந்தபோது அவர் நிறுத்தவில்லை. அந்த எதுகை முடியும்வரை போய்த்தான் நின்றார். இரண்டிடங்களில் அச்சிட்ட பாடத்துக்கும் அவர் சொன்னதற்கும் வேறுபாடு இருந்தது. அவற்றில் ஓரிடத்தில், தளையைச் சோதித்துப் பார்த்தால், அச்சுப் புஸ்தகமே பிழையானது என்று தெரிந்தது. அறுபத்தைந்து வருஷங்களுக்கு முன், விடியற்காலையில் மணலில் உட்கார்ந்து, சட்டாம்பிள்ளையின் கண்காணிப்பில் முறை சொன்ன பையனுடைய வாய் அச்சகத்தைத் திருத்தியதை நான் நேரில் கண்டேன். "இதையெல்லாம் வியாபாரத்துல எப்ப ஐயா சொல்லிப் பாத்திய?" என்று கேட்டேன். பொதிவண்டியின் பின்னால் திருச்செந்தூருக்கும் நாசரேத்துக்கும் இரவில் நடக்கும்போது தூக்கம் வராமலிருக்கச் சொல்லிக்கொண்டே போவாராம். மறவாமைக்கு அவர் சொன்ன காரணம் அது ஒன்றுதான்.

அன்று முதல் நானும் உட்கார்ந்து ஓதுவதைக் குறைத்து நடந்து ஓதத் தொடங்கினேன். வீட்டிலிருந்து பாடசாலைக்குத் தேரி ஓரமாக ஒன்றரை மைல். வண்டிப்பாதை தொடங்குகிற இடத்தில் எழுத்தியல்; சுமைதாங்கிக் கல்லருகே பதவியல்; அய்யனார் கோவிலைக் கடந்தால் புணரியல்கள்; அங்கிருந்து பள்ளிக்கூடத்து வேம்பு வரையில் பெயரியலும் வினையியலும். ஒவ்வோர் இயலையும் அதற்குரிய இடத்திலேயே சொல்லிவந்தபடியால், நாளடைவில் இடமும் இயலும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. பதநீர்க் கலயத்தோடு எதிரே வருகிற பெண்கள் முதலில் ஒதுங்கி நின்றார்கள். பிறகு வாத்தியார் படிக்கிறார் என்று தெரிந்து, பேச்சை நிறுத்தி வழிவிட்டுப் போனார்கள். அந்த மரியாதை எனக்கன்று, படிப்புக்கே உரியது என்பதை அறிவேன்.

எல்லாவற்றிலும் பெரிய உபகாரம் எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. என் மனைவி ஐந்தாம் வகுப்பு வரையில் படித்தவள். இரவில் பிள்ளைகள் உறங்கியபின், ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே, மடியில் நன்னூலை விரித்து வைத்து நான் ஒப்பிப்பதைச் சரிபார்ப்பாள். சொல் ஒன்று மாறினாலும் கை நிற்கும். "நேத்து இந்த எடத்துல வேற மாதிரில்லா சொன்னிய?" என்பாள். முதலில் அவ்வளவே எங்கள் ஏற்பாடு. சில மாதங்களில் அவள் அர்த்தம் கேட்கத் தொடங்கினாள். அதுவரை விளங்கிவிட்டதாக நான் எண்ணியிருந்த அநேக விஷயங்கள், உரையாசிரியருடைய வாக்கியத்தை எடுத்துவிட்டு என் சொந்த வாயால் அவளுக்குச் சொல்ல முயன்றபோது எத்தனை இருட்டாக இருந்தன என்பது தெரிந்தது.

ஒரு நாள் ஆகுபெயர். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்ற ஆறுக்கும், நால்வகை அளவைக்கும் உதாரணம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஊர் சிரித்தது என்றவுடன் இடவாகுபெயர் அவளுக்கு விளங்கிவிட்டது. தானியாகுபெயரில் வந்து நின்றோம். ஒன்றில் வைக்கப்படும் பொருளின் பெயர் அதை வைக்கும் இடத்துக்கு ஆகிவருவது என்று நானும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். உரையில் கண்ட உதாரணத்தையும் சொன்னேன். அவள் ஓலையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "அடுப்புல இருக்க பாலை இறக்குங்கன்னு சொல்லுதேன். நீங்க சட்டியைத்தான இறக்குதிய? அதுவா?" என்று கேட்டாள். அதுவேதான். அதைவிட நல்ல உதாரணத்தை நான் எந்த உரையிலும் காணவில்லை. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியில் ஆகுபெயர் நடத்தும்போதெல்லாம் அந்த உதாரணத்தையே சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தில் அன்று தோன்றிய பிரகாசமும் கூடவே நினைவுக்கு வரும்.

கற்கும் முறையைப் பற்றி நன்னூற் பொதுப்பாயிரம் ஒரு கணக்குச் சொல்லுகிறது. ஆசிரியர் சொல்வதை எத்தனை நன்றாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கால்பங்கு புலமையே வரும். உடன்கற்பாரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு. மீதியுள்ள பாதி, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்பது அதன் கருத்து. பாயிரத்திலேயே வரும் இந்தச் செய்தியைப் பரீட்சைக்காக நான் ஆதியிலேயே நெட்டுருப் பண்ணியிருந்தேன். அது ஒரு பழைய மரபுச் செய்தி என்றே எண்ணியிருந்த எனக்கு, ஓலைப்பெட்டியும் அரிக்கேன் விளக்குமாக அந்தப் பெண்மணியின் முன் உட்கார்ந்த இரவுகளிலேதான், அது அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு என்பது தெரிந்தது. மாணாக்கர் வகையில் பசுவை முதல் தரத்தில் வைத்த காரணமும் அப்போதுதான் விளங்கிற்று. கிடைத்த இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டுப் பிறகு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவது பசுவின் இயல்பு. பகலெல்லாம் பிழைப்பும் சம்சாரமுமாக அலைந்து, இரவில் சற்றே அவகாசம் பெறுகிற நடுவயதுக்காரனுக்கு வேறு வழி ஏது?

மனப்பாடம் செய்வதை அறிவுக்குப் பகையாகப் பேசுகிற வழக்கம் இப்போது கல்வி நிபுணர்களிடையே பரவி வருகிறது. பொருள் தெரியாமல் ஒப்பிக்கும்படி குழந்தைகளை அடித்து வருத்திய பழைய முறையை நான் ஆதரிக்கவில்லை. அந்த அடியை வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு செய்யுள் உள்ளத்தில் குடியிருந்தாலொழிய அதைப் பற்றிச் சிந்திப்பதற்கு வேளை வாய்ப்பதில்லை. நூல் அலமாரியில் இருக்கும். சிந்தனையோ கிணற்றடியிலும் பாதையிலும் உறக்கம் வராத நள்ளிரவிலும் அல்லவா வருகிறது? மனனம் செய்த சூத்திரம் அந்த வேளைகளிலெல்லாம் கூடவே இருந்து, என்றோ ஒரு நாள், நாம் தேடாத நேரத்தில், தன் பொருளைத் திறந்து காட்டுகிறது. செய்யுளின் பொருள்கோள் எட்டு வகை என்பதையும், ஆற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூட்டு, தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என்ற அவற்றின் பெயர்களையும் நான் பாடம் பண்ணியது பரீட்சைக்காக. பாம்பு புற்றில் நுழையும்போது உடலை மடக்கித் தலை மேலாக வருவதைத் தேரி ஓரத்தில் ஒரு மாலை கண்டு, அளைமறிபாப்பு என்று பெயரிட்டவர் எத்தனை கூர்ந்து பார்த்தவர் என்று வியந்து நின்றது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து. பெயர் உள்ளே இராவிட்டால், நான் கண்டது வெறும் பாம்பாகவே இருந்திருக்கும்.

பரீட்சைக்குப் பங்குனி வெயிலில் திருநெல்வேலிக்கு ரயிலில் போய், உறவினர் வீட்டில் தங்கி எழுதினேன். மண்டபத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் இளைஞர்கள் புஸ்தகத்தை விரித்துக் கடைசி நிமிஷம் வரையில் உதடசைத்துக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்தவர்களும் ஐந்தாறு பேர் இருந்தோம், ஒருவரையொருவர் அறியாவிட்டாலும் பார்த்தவுடன் வாத்தியார்கள் என்று தெரிந்தது, வணக்கம் சொல்லிக்கொண்டோம். அவர்களில் விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், தம்முடைய பழைய மாணாக்கன் ஒருவனே தம் அடுத்த வரிசையில் உட்கார்ந்து அதே பரீட்சை எழுதுவதாகச் சந்தோஷத்தோடு சொன்னார். வினாத்தாளைக் கையில் வாங்கியபோது எல்லாம் மறந்துவிட்டதாக ஒரு பயம் நெஞ்சில் எழுந்தது உண்மை. கண்ணை மூடி, வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு வண்டிப்பாதையில் காலெடுத்து வைத்தேன். சுமைதாங்கிக் கல் வந்தது. அதனோடு பதவியலும் வந்தது. அய்யனார் கோவில் வந்தது. கேட்ட புணர்ச்சி விதி சூத்திரத்தோடு வந்து நின்றது. மூன்று மணி நேரமும் தேரிக்காட்டில் நடந்துகொண்டேதான் எழுதினேன் என்று சொன்னால் மிகையாகாது.

தேறினேன். அடுத்த ஆண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் பதவி கிடைத்து, உத்தியோக காலம் முடிகிற வரையில் நன்னூலோடேயே இருக்கும் பாக்கியம் பெற்றேன். மேலத்தெருப் பெரியவர் நான் தேறிய செய்தியைக் கேட்டு, "நிகண்டுல கேட்டானா?" என்று மட்டும் விசாரித்தார். கேட்கவில்லை என்று சொன்னபோது, பரீட்சை வைத்தவர்களுக்காக அவர் வருத்தப்பட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, வயது சென்று படிக்கத் தொடங்குகிறவர்கள் யாராவது வந்தால் அவர்களோடு உட்காருவதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது வருகிறவர் எங்கள் ஊர்த் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறார், வயது நாற்பத்தாறு, புலவர் பரீட்சைக்குப் படிக்கிறார். ஞாபகமே நிற்கவில்லை ஐயா என்று முதல் நாள் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். புஸ்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நேற்றுப் படித்த காரிகையை அவர் எனக்குப் பாடம் சொல்ல வேண்டும், நான் மாணாக்கனாக இருந்து கேள்வி கேட்பேன் என்று ஏற்பாடு செய்தேன். தயங்கித் தயங்கித் தொடங்கியவர் இப்போது என்னைக் கேள்வி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில், தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று தெருவுக்குத் தெரு வாய்பாடு சொல்லிப் போகிறார் என்று என் மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். உறுப்பியல் முடிந்துவிட்டது, செய்யுளியலில் கலிப்பா வரையில் வந்திருக்கிறோம். ஆடி பிறப்பதற்குள் ஒழிபியலைத் தொட்டுவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.